தணிகாசலம் சார் சாந்தமானவர் அல்ல

செய்தி வந்தபோது நான் மாதிரித் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று கையசைத்தார். வெளியே போனதும், "தணிகாசலம் சார் பூட்டாரு மேடம்" என்றார். "எந்தத் தணிகாசலம்?" என்று கேட்டேன், ஏதோ எங்கள் கல்லூரியில் பத்துப் பேர் அந்தப் பெயரில் இருப்பது போல. "நம்ம சார்தான் மேடம். காலைல வீட்லயே விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டார்றதுக்குள்ள ஒண்ணும் இல்லாம பூடிச்சாம்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் பின்னாலேயே தேர்வுப் பொறுப்பாளர் வந்தார். "பசங்களுக்கு இப்ப சொல்லாதீங்க மேடம், எக்ஸாம் டிஸ்டர்ப் ஆகும்" என்றார். அது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தினாரா மனிதர்? "இன்டர்னல் மார்க் என்ட்ரி போட்டாரா இல்லையான்னு தெரியலையே. பேஜாராப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். உடல் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அதற்குள் இவருக்கு மார்க் கவலை. உள்ளே மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தது அரசியல் அறிவியல் தாள். அவருடைய பாடம். தேசூர்ப் பக்கத்திலிருந்து வரும் ரேவதி என்ற இரண்டாம் ஆண்டு மாணவி கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்தேன். "ஈசியா கீது மேடம்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தை எரிக்கிறது. அதைவிட அதிகம் எரிப்பது பிறகு நடந்தவை. அவரை அறிந்தவர்கள் நீங்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைப் படங்களாக வந்து விழுந்தன. அஞ்சலிக் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: சாந்தமானவர். பொய். அப்பட்டமான பொய். அவரோடு ஒரே ஆசிரியர் அறையில், பக்கத்து மேசையில், வணிகவியல் துறைக்காரியாக இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அவருக்குள் இருந்த கோபத்தைப் போல ஒரு கோபத்தை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. இப்போது அவரைச் சாந்தமானவராக்கி மாலை போட்டுவிட்டால், அவர் நடத்திவந்த வெள்ளிக்கிழமைக் கடைசி மணியையும் சேர்த்துப் புதைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு நடக்கிறது. அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அஞ்சலி.

அந்தக் கோபத்தை நான் முதலில் பார்த்தது ஆசிரியர் அறையில். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவர்களைப் பற்றி ஒரு சக ஆசிரியர் அலுத்துக்கொண்டார். "அந்த பஸ் கூட்டம் லேட்டா வரும், தூங்கும், ஓடிடும். இதுங்களுக்கெல்லாம் எதுக்கு சார் டிகிரி?" தணிகாசலம் சார் பேனாவை மூடி வைத்தார். "பேர் சொல்லுங்க சார்" என்றார். "இன்னா பேரு?" "யாருக்கு எதுக்கு டிகிரின்னு கேக்கறீங்களோ, அந்தப் புள்ளயோட பேர். ஒரு பேர் சொல்லுங்க. நான் பதில் சொல்றேன்." அந்த ஆசிரியருக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. வருடம் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறார், பெயர் தெரியவில்லை. தணிகாசலம் சார் மேசையை ஓங்கி அடித்தார். டீ கொட்டி என் விடைத்தாள் கட்டு நனைந்தது. சாந்தமானவராம்!

எங்கள் கல்லூரி உங்களுக்குத் தெரியும். ஆரணி ஊர்ப் பிள்ளைகள் பைக்கில் வருவார்கள். பாதிப் பேர் வீட்டில் பட்டுத் தறி ஓடும், மீதிப் பேர் வீட்டில் சேலை வியாபாரம். களம்பூர், வந்தவாசி, தேசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள், அப்பா அம்மா விவசாயமோ அரிசி மில் வேலையோ. ஊர்ப் பிள்ளைகள் முன் பெஞ்சு, பஸ் பிள்ளைகள் பின் பெஞ்சு. மணி அடித்ததும் அவர்கள் வண்டிக்கு, இவர்கள் பஸ்ஸுக்கு. மூன்று வருடம் ஒரே அறையில் உட்கார்ந்துவிட்டு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், இது இயல்புதானே என்று. "வருகைப் பதிவு உடம்புக்கு எடுக்கறோம் மேடம். உள்ள ஆளு வந்துச்சான்னு யாரு பாக்கறது?" என்பார் அவர்.

அவர் செய்தது இதுதான். வெள்ளிக்கிழமைக் கடைசி மணி, நூலக நேரம் என்று பெயருக்கு இருந்தது. அந்த நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களைச் சைக்கிள் ஸ்டாண்டில் கூட்டினார். சைக்கிள் ஸ்டாண்டு என்று சொல்கிறோமே தவிர எல்லாம் பைக்குகள்தான். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அந்தப் பக்கம் காலே வைத்ததில்லை, அவர்களுக்கு அங்கே என்ன வேலை? அதனால்தான் அந்த இடம் என்றார். அங்கே குறை சொல்லலாம். ஆனால் தன் குறையைச் சொல்லக் கூடாது. இன்னொருவருடைய குறையைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவரைக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு. சொல்லி முடித்ததும் குறைக்கு உரியவர் எழுந்து, "ஆமாம், இது என் குறைதான்" என்று சொன்னால்தான் அது கணக்கில் வரும். அவ்வளவுதான் சட்டம்.

இது என்ன கிறுக்குத்தனம் என்று நானே கேட்டேன். "தன் குறையைச் சொல்ல வாய் இருக்கறவன் எப்படியும் சொல்லிடுவான் மேடம். மத்தவன் குறையைச் சொல்லணும்னா முதல்ல அவன்கிட்ட போய்ப் பேசணும் இல்ல?" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமையே கூத்து. கார்த்திக் என்று ஒரு பையன், வீட்டில் சேலைக் கடை, நல்ல மனசுதான். எழுந்து நின்று, "ரேவதின்னு ஒரு பொண்ணு சார், கிளாஸ்ல தூங்கிகினே கீது. வீட்ல எதனா பிரச்சனையா இருக்கும், பாவம்" என்று உருகினான். ரேவதி விருட்டென்று எழுந்தாள். "நான் உங்கிட்ட வந்து சொன்னனா? நான் தூங்கறது உனக்கு எப்படித் தெரியும்? நீ பாடத்தைப் பாக்கறியா, என்னைப் பாக்கறியா?" ஸ்டாண்டே சிரித்தது. கார்த்திக் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதும் செய்கிற தப்பு இதுதான், கேட்காமலே பாவம் பார்ப்பது. சார் சிரிக்கவில்லை. "குறை தள்ளுபடி. இரக்கப்படறதுக்கு முன்னாடி கேக்கணும். போய்க் கேட்டுட்டு அடுத்த வாரம் வா" என்றார்.

அவனும் போய்க் கேட்டிருக்கிறான். அவள், "சொன்னா உனக்குப் புரியாது. ஒரு நாளு எங்க பஸ்ல வந்து பாரு" என்றிருக்கிறாள். கார்த்திக் அவள் ஊருக்குப் பக்கத்து ஊர் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் பஸ்ஸில் வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்றபோது பழைய உருக்கமெல்லாம் இல்லை. "இருட்டுல வர்ற முதல் பஸ்ல வந்தா காலேஜ் கேட்டு பூட்டி கீது சார், கல்வெர்ட்டு மேலதான் உக்காரணும். அடுத்த பஸ்ல வந்தா, ஃப்ரீ பாஸ் பசங்கன்னு நம்ம ஸ்டாப்பிங்ல நிறுத்த மாட்டேன்றாங்க. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கே போயி, அங்கேர்ந்து திரும்ப நடந்து வரணும். வரதுக்குள்ள முதல் மணி முடிஞ்சிடுது. அதான் ரேவதி முதல் பஸ்ஸைப் புடிக்குது. அதான் தூங்குது." சார் ரேவதியைப் பார்த்தார். "இது உன் குறைதானா?" "என் குறைதான் சார்" என்றாள். "ஆனா எனக்கு மட்டும் இல்ல."

அந்தக் காரியத்தில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை நடந்தது. பிள்ளைகள் பஸ் பணிமனைக்கு மனு எழுதினார்கள். பஸ்ஸே ஏறாத பைக் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டார்கள். சார் மட்டும் போடமாட்டேன் என்றுவிட்டார். "நான் போட்டா அது வாத்தியார் மனு. அவங்க போட்டாதான் ஜனங்க மனு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொண்ணுங்க ரோட்டுல நடந்து வருதுங்க, உங்களுக்குத் தத்துவம் வேண்டிக் கிடக்கா? தெரிஞ்ச ஆளுக்கு ஒரு போன் போட்டா ஜல்தியா முடியும் சார்" என்று ஆசிரியர் அறை அதிரக் கத்தினேன். "போன் போட்டா பஸ் நிக்கும் மேடம். நான் இல்லாத அன்னிக்கு?" என்றார்.

பணிமனைக்கு மாணவிகளோடு துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி, "எந்தக் கட்சி அனுப்பிச்சுது?" என்று கேட்டார். "கட்சி இல்ல சார். ஸ்டாப்பிங்ல நிக்கறவங்க" என்றாள் ரேவதி. "உங்க வாத்தியார் எங்க?" "வெளிய டீ குடிச்சிகினு கீறாரு சார்." அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே நாளில் நடந்துவிடவில்லை. போனார்கள், அலைந்தார்கள், திரும்பவும் போனார்கள். கடைசியில் பஸ் எங்கள் வாசலில் நின்றது. அன்று முதலில் இறங்கியவர்களை வரவேற்க பைக் பிள்ளைகள் வாசலில் நின்று விசில் அடித்தார்கள். சார் தூரத்தில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் முளைத்தது. நிர்வாகத்தின் இடைவிடாத முயற்சியால் பேருந்து நிறுத்தம், கீழே கல்லூரிச் செயலாளரின் சிரித்த முகம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த வாரம் ஒரு பையன் எழுந்து, தன் வகுப்புப் பெண்ணைக் கேட்டுவிட்டு, அவள் சார்பில் மென்று விழுங்கிச் சொன்னான்: பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பெண் எழுந்து தலை நிமிர்ந்து, "என் குறைதான்" என்றாள். அவ்வளவுதான். பஸ்காரனைக் கேள்வி கேட்டபோது குடிமக்களாக இருந்த பிள்ளைகள், கல்லூரியைக் கேட்டதும் காலிகளாகிவிட்டார்கள்.

செயலாளர் சாரைக் கூப்பிட்டார். "நீங்க பொலிட்டிகல் சயின்ஸ் நடத்துங்க சார், பாலிடிக்ஸ் நடத்தாதீங்க" என்றாராம். "தாழ்ப்பாள் கேட்டா அரசியலா சார்? அப்ப தாழ்ப்பாள் போடாம விட்டதும் அரசியல்தான். அதை யாரும் கேக்கலையே இத்தனை நாளா" என்று இவர் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது மறுபடியும் மேசையை ஓங்கி அடித்தார்.

சைக்கிள் ஸ்டாண்டில் கூடக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதே வெள்ளிக்கிழமை மணிக்கு ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி. சென்னையிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லி, கை தட்டி, "நான் ஒரு வெற்றியாளன்" என்று கத்தவைத்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே ஒரு வெற்றியாளர். தூ! எந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவள் பெயர் தெரிந்தது? சக ஆசிரியர்களில் சிலர் சாரைப் பார்த்து, "இன்னா சார், ஸ்டாண்டைத் தூக்கிட்டாங்களாமே" என்று பல்லைக் காட்டினார்கள். அவர்களுடைய பெயர் எனக்குத் தெரியும், வேண்டாம்.

அவர் நிறுத்தவில்லை. பயிற்சி முடிந்ததும் ஸ்டாண்டில் போய்த் தன் பழைய வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வண்டி எடுக்க வருவார்கள். வண்டியே இல்லாத தேசூர்ப் பிள்ளைகளும் வண்டி எடுக்க வருவார்கள். காவலாளி கேட்டால், "என் வண்டியைத் தேடறேன் அண்ணா" என்பார்களாம். அப்படியே குறை சொல்லும் மணியும் நடந்தது.

அவர் இதயம் நின்றதற்குக் கல்லூரிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவர் சொன்ன காரணம் வேறு. அதில் என் கோபமெல்லாம் சார் மேல்தான். ஒரு வாரமாக நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். "இன்னா சார் பண்ணுது?" என்று கேட்டேன். "கேஸ் மேடம்" என்று சோடா வாங்கிக் குடித்தார். வேலூருக்குப் போய்க் காட்டுங்கள் என்றேன். "செமஸ்டர் முடியட்டும்" என்றார். அடுத்தவர் குறையைக் கேட்டு வா, கேட்டு வா என்று ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் விரட்டிய மனிதரே, நான் வந்து கேட்டேனே, ஏன் சார் மறைத்தீர்கள்? உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்துக்கு அவர் மனைவி வந்திருந்தார். முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். படத்துக்குப் பட்டுச் சால்வை போட்டார்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமா என்ன. "சாந்தமான மனிதர், நிர்வாகத்திடம் வாய் திறந்து ஒன்று கேட்டதில்லை" என்றார் செயலாளர். அந்தத் தாழ்ப்பாளுக்காக எத்தனை முறை கேட்டார் என்று நான் எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் பக்கத்தில் இருந்த சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகில் குனிந்து, "இவங்க யாரைப் பத்திப் பேசறாங்க?" என்று கேட்டார். பிறகு ஆளுமை மேம்பாட்டு அறைக்குத் தணிகாசலம் சாரின் பெயரைச் சூட்டப்போவதாக அறிவிப்பு. கைதட்டல். கார்த்திக் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று கை தூக்கினான். "டைம் இல்லப்பா" என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் டீ, பிஸ்கட் கொடுக்க மட்டும் நேரம் இருந்தது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் ரேவதி என்னிடம் வந்தாள். "நான் நின்னுடலாம்னு கீறேன் மேடம். செய்யாறு ஷூ கம்பெனி வேன் எங்க ஊருக்கே வருது. திங்கக்கெழமைலேர்ந்து போறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். ஒரே வருடம்தான் பாக்கி, பைத்தியமா உனக்கு என்று சீறினேன். அவள் சத்தமே போடவில்லை. "அங்க போனாலும் நம்பர்தான், இங்க இருந்தாலும் நம்பர்தான் மேடம். சார் இருந்தாரு, பேர் சொல்லிக் கேப்பாரு. இனிமே யாரு?" என்றாள். "வெள்ளிக்கிழமை ஸ்டாண்டுக்கு வா. அப்புறம் எங்க வேணா போ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வரவு செலவுப் பாடம் நடத்துகிறவள் நான், அந்த மணியை நடத்த எனக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை, பயிற்சி அறைக்குப் போகாமல் ஸ்டாண்டில் போய் நின்றேன். காவலாளி வந்து, "மேடம், ஆர்டர் கீது" என்று தலையைச் சொறிந்தார். "போய்ச் சொல்லுங்க, நான் நிக்கறேன்னு" என்றேன். பிள்ளைகள் வந்தார்கள். நினைத்ததைவிட அதிகம் பேர். எல்லோரும் வண்டி துடைக்கிற சாக்கில் நின்றார்கள். ரேவதி வரவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

பாதி நேரம் கடந்திருக்கும். முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் ரேவதி. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. என் வகுப்பில்தான் உட்காருகிறாளாம். "இது பேரு மஞ்சுளா. களம்பூர். நேத்து கேட்டேன், இன்னிக்கும் கேட்டேன், இப்பதான் சரின்னுச்சு. அதான் லேட்டு" என்றாள் ரேவதி. "காலேஜ் சேந்ததுலேர்ந்து சாப்பாட்டு டப்பாவைத் தொறக்காமயே வீட்டுக்கு எடுத்துகினு போவுது மேடம். கூட உக்கார ஆள் இல்லையாம்." நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சார் கேட்பது போலக் கேட்க வரவில்லை, எனக்கு வந்த குரலில் கேட்டேன். "இது உன் குறைதானாம்மா?" அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "என் குறைதான்" என்றாள். கார்த்திக், மனு எழுதட்டுமா என்பது போல என்னைப் பார்த்தான். "இதுக்கு எவங்கிட்ட மனு குடுப்ப?" என்று ரேவதி அவனை அதட்டினாள். "திங்கக்கெழமை நான் கூட உக்காருவேன்."

திங்கட்கிழமை ஷூ கம்பெனி வேன் ரேவதியின் ஊருக்கு வந்து, அவளில்லாமல் போனது. செவ்வாய்க்கிழமை எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி மாணவர்களைக் கூட்டியதற்கு விளக்கம் வேண்டுமாம். விளக்கம்தானே, மேலே இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்.

சாரிடமிருந்து ஆளாளுக்கு ஏதேதோ எடுத்துக்கொள்கிறார்கள். நிர்வாகம் அவர் பெயரை எடுத்துக்கொண்டது, கூட்டத்தில் பேசியவர்கள் அவர் புன்னகையை. நான் அவருடைய கோபத்தை எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கடைசி மணிக்கு நான் சைக்கிள் ஸ்டாண்டில்தான் இருப்பேன். தடுக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், ஆனால் வெறும் கையோடு வராமல் யாருடைய குறையையாவது கேட்டுக்கொண்டு வரட்டும்.